எதோடு எது சேரும்?

வீட்டுக்கு விருந்தாளி யாராவது வந்துவிட்டால் நம்மில் பலருக்கு ஓர் ஆசை பிறந்துவிடுகிறது. உள்ளே தன்பாட்டுக்கு விளையாடிக் கொண்டிருக்கும் குழந்தையைக் கூடத்துக்கு இழுத்து வந்து நிறுத்துகிறோம். "மாமாவுக்குக் கலர் எல்லாம் சொல்லிக் காட்டு, கண்ணா!" என்கிறோம். குழந்தை ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டு, மின்விசிறியைப் பார்த்தபடி, "ரெட், புளூ, கிரீன், எல்லோ" என்று ஒப்பிக்கிறது. மாமா கை தட்டுகிறார். பிஸ்கட் பொட்டலம் கைமாறுகிறது. சபை கலைகிறது.

இதில் யாருக்கும் நஷ்டம் கிடையாது. ஆனால் அதே குழந்தையிடம், "இந்தக் கூடத்தில் பச்சையாக இருப்பதையெல்லாம் காட்டு, பார்க்கலாம்" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். வாழை இலை பச்சை, அதில் சந்தேகமில்லை. அப்பாவின் சட்டையில் கோடு மட்டும் பச்சை. அது பச்சைச் சட்டையா, வெள்ளைச் சட்டையா? பாட்டியின் புடவை ஜன்னல் பக்கம் திரும்பினால் பச்சை, இந்தப் பக்கம் திரும்பினால் நீலம். அதை என்ன செய்வது? குழந்தை நின்று யோசிக்கும். அந்த நிமிஷத்தில்தான் படிப்பு ஆரம்பமாகிறது. பெயரை ஒப்பிப்பதற்கு ஞாபகம் போதும். பிரித்து எடுப்பதற்கு யோசனை வேண்டும்.

பொருள்களின் குணத்தைக் கவனிப்பது, ஒத்ததை ஒத்ததோடு சேர்ப்பது, ஏன் சேர்த்தோம் என்று வாயால் சொல்வது: இந்த மூன்றும் சேர்ந்த வித்தையைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களோடு பேச உத்தேசம். இது கணக்குக்கு முந்திய கணக்கு. "எத்தனை மாம்பழம் இருக்கிறது?" என்று எண்ணுவதற்கு முன்னால், கூடையில் எது மாம்பழம், எது மாம்பழம் அல்ல என்று பிரித்தாக வேண்டும் அல்லவா?

இதற்காகக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. முதல் பாடசாலை நம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. சல்லடையைப் பாருங்கள். அது ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: "நீ பெரியவனா, சின்னவனா?" மாவு வெள்ளையா மஞ்சளா என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. முறம் கேட்கும் கேள்வி வேறு: "நீ கனமா, லேசா?" புடைக்கும்போது உமியும் தூசும் முன்னால் பறந்துவிடுகின்றன, அரிசி திரும்பி முறத்திலேயே விழுகிறது. ஊறிய கறுப்பு உளுந்தைக் கசக்கிக் களையும்போது தோல் மேலே வருகிறது, பருப்பு அடியில் தங்குகிறது. தண்ணீர் கேட்ட கேள்வி: "நீ மிதப்பாயா, மூழ்குவாயா?" அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் கடுகும் மிளகும் இருக்கின்றன. இரண்டும் உருண்டை, இரண்டும் கறுப்பு. அளவில் வேறு. நாக்கில் வைத்தாலோ, கேட்க வேண்டியதே இல்லை!

ஒரு சமயத்தில் ஒரே கேள்வி. எல்லாப் பொருளிடமும் அதே கேள்வி. தினுசு பிரிப்பதன் சூட்சுமம் இவ்வளவுதான். நமக்கு இது மூச்சு விடுவதுபோல் பழகிப் போய்விட்டது. குழந்தைக்கோ இது ஒரு மலை ஏற்றம். அந்த ஏற்றத்தில் எந்தப் படியில் குழந்தை நிற்கிறது என்று தெரியாததால்தான் பல வீடுகளில் வீண் கோபமும் வீண் அழுகையும் நடக்கின்றன.

குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்தவர்களில் பெரிய பெயர் ஸ்விட்ஸர்லாந்துக்காரரான ழான் பியாஜே. அவரும் அவருடன் பணியாற்றிய பார்பெல் இன்ஹெல்டர் அம்மையாரும் சேர்ந்து 1959-ம் ஆண்டில், குழந்தைகள் பொருள்களை எப்படி வகை பிரிக்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே வெளியிட்டார்கள். வட்டம், சதுரம், முக்கோணம் என்று பல வடிவத் துண்டுகளைக் குழந்தைகள் முன் வைத்து, "ஒன்றுபோல் இருப்பதை ஒன்றாக வை" என்று சொல்லிப் பார்த்தார்கள். மிகச் சிறிய குழந்தைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு சதுரத்தை வைத்து, அதன் தலையில் ஒரு முக்கோணத்தை வைத்து, "இது வீடு!" என்றார்கள். இன்னும் சிலர் துண்டுகளை வரிசையாக வைத்து ரயில் விட்டார்கள். ஒத்ததைச் சேர்க்கச் சொன்னால் அவர்கள் படம் கட்டினார்கள். அது குறும்பும் அல்ல, அசட்டுத்தனமும் அல்ல. அந்த வயதில், எது எதோடு ஒத்திருக்கிறது என்பதைவிட, எதையும் எதையும் சேர்த்தால் என்ன உண்டாகும் என்பதுதான் குழந்தைக்குப் பெரிய விஷயம்.

அடுத்து, வடிவம் கண்ணில் படுகிறது. பார்பரா லாண்டவ், லிண்டா ஸ்மித், சூஸன் ஜோன்ஸ் என்ற மூன்று அமெரிக்கப் பெண் ஆராய்ச்சியாளர்கள் 1988-ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். குழந்தைகள் அதுவரை பார்த்தே இராத ஒரு பொருளைக் காட்டி, அதற்கு அர்த்தமில்லாத ஒரு பெயரைச் சூட்டினார்கள். பிறகு வேறு சில பொருள்களைக் காட்டி, "இவற்றில் அந்தப் பெயர் எதற்குப் பொருந்தும்?" என்று கேட்டார்கள். அளவு மாறினாலும், செய்த பொருள் மாறினாலும், வடிவம் ஒன்றாக இருந்தால் குழந்தைகள் அதற்கே அந்தப் பெயரைக் கொடுத்தார்கள். ஆரஞ்சையும் எலுமிச்சையையும் பார்த்துக் குழந்தை "பந்து!" என்று கூவும்போது நாம் சிரிக்கிறோம். வடிவத்தைப் பற்றிய வரையில் குழந்தை சொன்னது சரிதானே?

மூன்று வயதில் ஒரு புதிய சங்கடம் வருகிறது. இதைப் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கனடா நாட்டு உளவியலாளர் பிலிப் ஸெலாஸோவும் அவருடைய சகாக்களும் 1990-களில் செய்த பரிசோதனை அது. இரண்டு பெட்டிகள். ஒன்றின்மேல் நீல முயல் படம், மற்றதன்மேல் சிவப்புப் படகு படம். குழந்தையின் கையில் சிவப்பு முயல் சீட்டுகளும் நீலப் படகு சீட்டுகளும். "நிறம் பார்த்துப் போடு" என்றால் குழந்தை அழகாகப் போடுகிறது. சிவப்பு முயல், சிவப்புப் படகுப் பெட்டிக்குள் போகிறது. "சரி, இனிமேல் நிறம் வேண்டாம். படத்தைப் பார்த்துப் போடு, முயலை முயலோடு போடு" என்று ஆட்டத்தை மாற்றினால், மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் தொடர்ந்து நிறத்தைப் பார்த்தே போடுகிறார்கள். "இந்த ஆட்டத்தில் முயல் எங்கே போகும்?" என்று கேட்டால் சரியான பெட்டியைக் காட்டவும் செய்கிறார்கள்! அடுத்த நிமிஷம் சீட்டைக் கொடுத்தால் பழைய பெட்டியிலேயே போடுகிறார்கள். நாலு, ஐந்து வயதுக்குள் இந்தத் தடை பெரும்பாலும் விலகிவிடுகிறது.

சொன்னது காதில் விழுந்திருக்கிறது. விதி புரிந்தும் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே ஓடத் தொடங்கிய ஒரு யோசனையை நிறுத்தி இன்னொன்றின்மேல் ஏறும் சக்தி இன்னும் முற்றவில்லை. "எத்தனை தடவை சொன்னேன்! பிடிவாதம் பார்!" என்று முதுகில் ஒன்று வைக்கிறோமே, அது பிடிவாதத்துக்குக் கிடைத்த அடி அல்ல. வயதுக்குக் கிடைத்த அடி.

இன்னும் ஒரு படி இருக்கிறது. ஒரு தட்டில் ஆறு வாழைப்பழமும் இரண்டு ஆரஞ்சும் வையுங்கள். ஐந்து வயதுக் குழந்தையைக் கூப்பிட்டு, "வாழைப்பழம் அதிகமா, பழம் அதிகமா?" என்று கேளுங்கள். "வாழைப்பழம்தான்!" என்று பதில் வந்தால் திகைக்க வேண்டாம். பியாஜே மரமணிகளை வைத்து இதே மாதிரியான கேள்வியைக் கேட்டார். ஏழு, எட்டு வயதுக்கு முன் பெரும்பாலான குழந்தைகள் இப்படித்தான் சொன்னார்கள். வாழைப்பழம் ஒரே சமயத்தில் வாழைப்பழமாகவும் பழமாகவும் இருக்க முடியும் என்பதை அவர்களால் ஒரே பார்வையில் பிடித்து வைக்க முடிவதில்லை என்றார் அவர்.

ஆனால் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் டொனால்ட்ஸன் என்ற உளவியல் அறிஞர், 1978-ல் வெளியான தமது நூலில் இதற்கு ஒரு மறுப்பு எழுதினார். கேள்வியை மாற்றிக் கேட்டால் பதிலும் மாறுகிறது என்பது அவர் கட்சி. அவர் எடுத்துக்காட்டும் பரிசோதனை ஒன்றில் நாலு பொம்மை மாடுகள் படுத்திருந்தன. மூன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. "கறுப்பு மாடு அதிகமா, மாடு அதிகமா?" என்றபோது தடுமாறிய குழந்தைகளைவிட, "கறுப்பு மாடு அதிகமா, தூங்குகிற மாடு அதிகமா?" என்றபோது சரியாகச் சொன்ன குழந்தைகள் கூடுதலாக இருந்தார்கள். நம் கேள்வியே கோணலாக இருந்துவிட்டால், பதில் எப்படி நேராக வரும்?

இதையெல்லாம் படித்துவிட்டு, "குழந்தை வளர்க்க உளவியல் பட்டம் வாங்க வேண்டும் போலிருக்கிறதே!" என்று பெருமூச்சு விட வேண்டாம். ஒரே ஒரு சொல் போதும். அது "ஏன்?" என்ற சொல்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாடிக் கொடியிலிருந்து துணிகளை எடுத்து வந்து குவித்திருந்தார்கள். நாலு வயதுப் பையனுக்கு ஒரு வேலை கொடுக்கலாமே என்று அம்மா, "அப்பா துணி ஒரு பக்கம், அம்மா துணி ஒரு பக்கம், உன் துணி ஒரு பக்கம் போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்து பார்த்தால் மூன்று குவியலுக்குப் பதில் இரண்டே குவியல். ஒன்றில் அப்பாவின் கால்சட்டை, குளியல் துண்டு, பையனின் காலுறை, பாட்டியின் போர்வை. மற்றதில் மீதி எல்லாம். "என்னடா இது குளறுபடி! சொன்னது ஒன்று, செய்தது ஒன்று!" என்று அம்மா கலைக்கப் போனாள். பாட்டி தடுத்தாள்.

"ஏண்டா ராஜா, இதெல்லாம் ஏன் ஒண்ணாப் போட்டே?"

"இதெல்லாம் ஜில்லுனு இருக்கு, பாட்டி."

அம்மா தொட்டுப் பார்த்தாள். அத்தனையும் ஈரம். கனத்த துணிகள் சரியாகக் காயவில்லை. அவள் கண்ணால் பிரிக்கச் சொல்லியிருந்தாள். பையன் கையால் பிரித்திருந்தான். அன்றைக்கு அந்தப் பிரிவினைதான் வீட்டுக்கு வேண்டியிருந்தது. ஈரக் குவியல் மறுபடியும் மாடிக்குப் போயிற்று.

பாட்டி கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, உலகம் கவிழ்ந்திருக்காது. ஒரு குழந்தை தானாக ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து, எல்லாத் துணியிடமும் அதைக் கேட்டு, ஒழுங்காகப் பதிலையும் பிரித்து வைத்து, கடைசியில் "குளறுபடி" என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கும். இப்படிப் பத்துத் தடவை நடந்தால் பதினோராவது தடவை குழந்தை யோசிக்காது. நம் முகத்தைப் பார்க்கும். நமக்கு எது பிடிக்குமோ அதைச் செய்யும். இந்த வித்தையில் நாம் இழக்கக்கூடியது இதுதான். இது சின்ன நஷ்டம் அல்ல.

அந்தப் பையன் தப்பித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவனிடம் "ஜில்" என்ற சொல் இருந்தது. காரணம் மனத்தில் இருந்து, அதைச் சொல்ல வார்த்தை கைவசம் இல்லாவிட்டால் குழந்தை விழிக்கத்தான் செய்யும். ஆகையால், பிரிக்கக் கற்றுக் கொடுப்பதோடு வர்ணிக்கவும் கற்றுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த விஷயத்தில் தமிழ்க் குழந்தை பிறவியிலேயே பணக்காரக் குழந்தை. கைக்கு மட்டும் எத்தனை சொற்கள்! வழவழ, சொரசொர, கொழகொழ, பிசுபிசு, மொறுமொறு, நறநற. இலக்கணத்தில் இரட்டைக்கிளவி என்று படித்து மதிப்பெண் வாங்கிவிட்டு நாம் மறந்துவிட்ட சமாசாரம் இது. வெண்டைக்காயை நறுக்கினால் கொழகொழ, பாகற்காயைத் தடவினால் கரடுமுரடு, கத்திரிக்காய் வழவழ, பலாப்பழத்தின் தோல் முள்முள். மூக்குக்கு மணம், வாடை, வீச்சம், காந்தல், கமறல். நாக்குக்கோ அறுசுவை. துவர்ப்பு என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருப்பதைவிட ஒரு துண்டு நெல்லிக்காயைக் கொடுத்து, "புளிப்புக்குப் பின்னால் நாக்கைப் பிடித்து இழுக்கிறதே, அதுதான்" என்று சொல்லிவிடலாம். நிறத்துக்குப் புடவைக் கடையே அகராதி: கிளிப்பச்சை, மயில்கழுத்து, அரக்கு, வெங்காயச் சருகு, மாம்பழ மஞ்சள், எம். எஸ். சுப்புலட்சுமி அம்மாளின் பெயரால் வழங்கும் எம். எஸ். புளூ. இவ்வளவையும் வைத்துக்கொண்டு எதைக் காட்டினாலும் "சூப்பர்" என்ற ஒற்றைச் சொல்லால் குழந்தை முடித்துவிடுகிறது என்றால், அந்தச் சிக்கனத்தை அது யாரிடம் கற்றது என்று சொல்ல வேண்டியதில்லை.

வர்ணனையில் இரண்டு விஷயங்களைக் குழந்தைக்கு மெல்ல மெல்லப் புரியவைக்கலாம். "நல்ல பொம்மை" என்பது பொம்மையின் குணம் அல்ல, நம் பிரியம். "மரப் பொம்மை" என்பது பொம்மையின் குணம். இது முதலாவது. எலுமிச்சம்பழம் கோலிக்குண்டுக்குப் பக்கத்தில் பெரிசு, தேங்காய்க்குப் பக்கத்தில் சிறிசு. பெரிசு, சிறிசு, கனம், லேசு எல்லாம் இன்னொன்றோடு ஒப்பிட்டால்தான் அர்த்தப்படும். இது இரண்டாவது.

சொற்களை எப்படிக் கற்பிப்பது? இதற்கு ஒரு பழைய, எளிய முறை இருக்கிறது. எட்வார் செகன் என்ற பிரெஞ்சு வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக வகுத்தது. இத்தாலியின் மரியா மாண்டிசோரி அம்மையார் அதை எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாக்கினார். மூன்று படிகள். முதலில் நாம் சொல்கிறோம்: "இது சொரசொர, இது வழவழ." அடுத்தது கேட்கிறோம்: "சொரசொர எது, காட்டு." கடைசியில்தான், "இது எப்படி இருக்கிறது?" மூன்றாவது படியில் குழந்தை தடுமாறினால் கண்டிப்பு கிடையாது, நாளைக்கு மறுபடியும் முதல் படி. நாமோ பெரும்பாலும் மூன்றாவது படியில் ஆரம்பித்து, பதில் வராவிட்டால் முகத்தைச் சுளிக்கிறோம்.

மாண்டிசோரி அம்மையார் நமக்கு அந்நியர் அல்ல. 1907-ம் ஆண்டு ரோம் நகரத்தின் ஏழைகள் பகுதியான ஸான் லொரென்ஸோவில் தமது முதல் "குழந்தைகள் இல்ல"த்தைத் திறந்த அவர், 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். யுத்தத்தில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராக இறங்கியதால் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கினார். கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். 1946 வரை நீடித்த அந்த வாசத்தில் ஏராளமான ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்.

அவருடைய விளையாட்டுச் சாதனங்களில் ஒரு ரகசியம் உண்டு. ரோஜா நிறக் கோபுரம் என்று ஒன்று: 1 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை பத்து மரக் கட்டைகள். எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம், ஒரே மரம். அளவு ஒன்றுதான் வித்தியாசம். கவனம் வேறு எங்கும் சிதறாமல் அந்த ஒரு குணத்தின்மேலேயே விழ வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. சல்லடையும் முறமும் செய்வதையே இதுவும் செய்கிறது என்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். வீட்டிலும் இதைச் செய்யலாம். ஒரே மாதிரியான ஆறு சின்ன டப்பாக்களில் இரண்டில் அரிசி, இரண்டில் கொண்டைக்கடலை, இரண்டில் உப்பு போட்டு மூடிவிடுங்கள். குலுக்கிப் பார்த்து, காதால் ஜோடி சேர்க்கட்டும்.

இப்படி இன்னும் சில ஆட்டங்களைச் சொல்கிறேன்.

இரண்டு, மூன்று வயதில்: சமையலறைக் கரண்டிகளில் பெரிசு ஒரு பக்கம், சிறிசு ஒரு பக்கம், காலணிகளில் ஜோடி சேர்த்தல். ஒரு குணம், இரண்டு குவியல், அவ்வளவே. இந்த வயதில் பொத்தான், மணி, புளியங்கொட்டை, கடலை போன்ற பொடிச் சாமான்கள் கிட்டவே வரக்கூடாது. வாய்க்கும் மூக்குக்கும் போய் அடைத்துக்கொள்ளும். மேலே சொன்ன டப்பா ஆட்டமும் மூடியை இறுக ஒட்டிவிட்டுத்தான். குன்றிமணி அழகாக இருக்கிறதே என்று எந்த வயதிலும் கொடுக்காதீர்கள்; அதை மென்றுவிட்டால் உள்ளிருக்கும் விஷம் உயிருக்கே ஆபத்து. கடிகாரம், பொம்மைகளில் வரும் பொத்தான் பாட்டரியும் அப்படித்தான். விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

நாலு, ஐந்து வயதில்: ஒரு துணிப் பைக்குள் எலுமிச்சம்பழம், கட்டை, பஞ்சு, தேங்காய் ஓடு, சாவி எல்லாம் போட்டு, பார்க்காமல் கைவிட்டுத் தொடச் சொல்லுங்கள். பெயரைச் சொல்லக்கூடாது, எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். சந்தையிலிருந்து வந்த காய்கறிப் பையைக் கொட்டி ஒரு தடவை நிறம் பார்த்து, மறு தடவை மண்ணுக்குமேல் காய்ப்பது, மண்ணுக்குள் விளைவது என்று பார்த்துப் பிரிக்கச் சொல்லலாம். ஒரே கூடை; கேள்வி மாறினால் குவியல் மாறுகிறது! குழந்தைக்கு இது மாயாஜாலம் மாதிரி இருக்கும்.

இன்னொன்று, "எது சேராது?" ஆட்டம். தக்காளி, கேரட், வாழைப்பழம், சிவப்புப் பந்து: நாலில் எது சேராது? பந்து, ஏனென்றால் தின்ன முடியாது. கேரட், ஏனென்றால் அது மண்ணுக்குள் விளைந்தது. வாழைப்பழம், ஏனென்றால் அதை மட்டும் தோல் உரித்துத்தான் தின்ன வேண்டும். தக்காளி, ஏனென்றால் அழுத்தினால் சாறு வருகிறது. எந்தப் பதிலுக்கும் தலையாட்டலாம், காரணம் சரியாக இருந்தால். ஒரே விடைதான் உண்டு என்று அடம் பிடிக்கும் பெரியவர்கள் இந்த ஆட்டத்துக்கு லாயக்கில்லை.

ஆறு, ஏழு வயதில்: தரையில் கோலமாவினால் ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு பெரிய வட்டங்கள் போடுங்கள். ஒன்று "பறப்பவை"; மற்றது "குட்டி போடுபவை". காக்கை எந்த வட்டம்? பசு எந்த வட்டம்? கோழி பறக்கிறதா, இல்லையா? மீன் இரண்டுக்கும் வெளியே. வௌவாலை என்ன செய்வது? குழந்தை கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு நடுவிலே கொண்டு வைக்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள்! ஜான் வென் என்ற ஆங்கிலேயத் தர்க்க அறிஞர் 1880-ல் எழுதிப் பிரபலமாக்கிய வட்டங்கள் இவை. மேல் வகுப்புக் கணக்கில் கணங்கள் என்று வந்து மிரட்டப் போவதும் இவைதான். கோலமாவில் அறிமுகமானவர்களுக்கு அப்போது மிரட்சி இராது.

இந்த விளையாட்டு எங்கே கொண்டு போய் விடும் என்று கேட்கிறீர்களா? நம் தொல்காப்பியத்தின் மரபியலில் உயிர்கள் அத்தனையும் ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கப்பட்டிருக்கின்றன. புல்லும் மரமும் ஓரறிவு, எறும்பும் கறையானும் மூவறிவு, மனிதர் ஆறறிவு. தொல்காப்பியர் எல்லா உயிர்களிடமும் கேட்டது ஒரே கேள்வி: "உனக்கு எத்தனை வழியாக உலகம் தெரிகிறது?" 1869-ல் ருஷ்ய விஞ்ஞானி மெண்டலீவ், அப்போது தெரிந்திருந்த தனிமங்களை எடையும் குணமும் பார்த்து அடுக்கினார். சில இடங்களில் பொருந்தும் தனிமம் அகப்படவில்லை. அந்த இடங்களைக் காலியாகவே விட்டு, "இந்தக் குணங்களோடு ஒன்று இனி அகப்படும்" என்றார். 1875-ல் காலியம் அகப்பட்டது; அவர் விட்ட காலியிடத்தில் வந்து உட்கார்ந்தது. ஒழுங்காகப் பிரித்து வைத்தால், இல்லாத பொருளைப் பற்றிக்கூடப் பேச முடிகிறது!

ஆனால் இந்த வித்தைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. குழந்தை பொருள்களோடு நிற்பதில்லை. ஆட்களையும் பிரிக்கத் தொடங்குகிறது. "சொப்புச் சாமான் பெண் பிள்ளைக்கு, கார் பொம்மை ஆண் பிள்ளைக்கு" என்று ஒரு நாள் சொல்லும். "அவன்கூட நான் சேரமாட்டேன்" என்று இன்னொரு நாள் வந்து சொல்லும். அந்தக் குவியல்களைக் குழந்தை தானாகக் கண்டுபிடிக்கவில்லை. பெரியவர்கள் போட்டு வைத்ததைப் பார்த்துக்கொண்டு வருகிறது. அப்போதும் அதட்ட வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். "ஏன்?" என்று கேளுங்கள். "கார் பொம்மையில் என்ன இருக்கிறது, தங்கச்சி தொட்டால் ஓடாதா?" என்று கேளுங்கள். துணிக் குவியலுக்குக் காரணம் இருந்தது. தொட்டுப் பார்த்தால் ஈரம் தெரிந்தது. இந்தக் குவியலைத் தொட்டுப் பார்த்தால் கையில் ஒன்றும் தட்டுப்படாது. காரணம் கேட்கப்பட்டுப் பழகிய குழந்தைதான், காரணம் இல்லாத பிரிவினையை ஒரு நாள் தானே கண்டுகொள்ளும்.

நாளைக் காலையில் காய்கறி வந்ததும் பையைத் தரையில் கொட்டுங்கள். "எதோடு எது சேரும், நீயே பிரித்து வை" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். முதல் ஐந்து நிமிஷம் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பெற்றோருக்கு உள்ள பாடம். அது குழந்தையின் பாடத்தைவிடக் கஷ்டமானது. பிரித்து முடித்ததும் "ஏன்?" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். முருங்கைக்காயும் புடலங்காயும் ஒரு பக்கம், பூசணிக்காய் தனியாக ஒரு மூலையில் என்று இருந்தால், காரணத்தைக் கேட்டுக்கொண்ட பிறகே சமையலை ஆரம்பியுங்கள். குழம்பு கொஞ்சம் தாமதமானால் பரவாயில்லை.